‘யார் செய்தது?’ என்று கேட்காத பட்டறை

எந்தப் பட்டறைக்குள் நுழைந்தாலும் நான் முதலில் தேடுவது சிவப்புத் தொட்டியை. உற்பத்திப் பலகையையும் கணக்குப் புத்தகத்தையும் பிறகு பார்த்துக்கொள்ளலாம். அளவு தப்பிய, கீறல் விழுந்த, துளை கோணிய பாகங்களைப் போடுவதற்கு ஒவ்வொரு இயந்திரத்தின் பக்கத்திலும் ஒரு சிவப்புத் தொட்டி இருக்க வேண்டும் என்பது வாகன உதிரிபாகத் தொழிலில் பொது வழக்கம். அந்தத் தொட்டி எந்நேரமும் காலியாகவே இருந்தால் எனக்குச் சந்தேகம் வந்துவிடும். இயந்திரம் ஓடுகிற இடத்தில் கெட்ட பீஸ் விழாமல் இருக்காது. தொட்டியில் இல்லை என்றால் அது வேறெங்கோ இருக்கிறது. இரும்புச் சுருள் குவியலுக்கு அடியில் இருக்கலாம், சைக்கிள் ஸ்டாண்டுக்குப் பின்னால் இருக்கலாம், நல்ல பீஸ்களோடு கலந்து வாடிக்கையாளர் கம்பெனிக்குக் கிளம்பும் லாரியிலும் இருக்கலாம்.

ஐடிஐயில் டர்னர் படித்து, சென்னை பாடி பக்கத்தில் ஓர் உதிரிபாகக் கம்பெனியில் லேத்தில் நின்று, கடைசியில் அங்கேயே பயிற்சிக் கூடத்தைப் பார்த்துக்கொண்டு ஓய்வு பெற்றவன் நான். இப்போது அம்பத்தூர், திருமுடிவாக்கம், திருமழிசை தொழிற்பேட்டைகளில் சிறு பட்டறைக்காரர்கள் கூப்பிட்டால் போகிறேன். புதுப் பிள்ளைகளுக்கும் சூப்பர்வைசர்களுக்கும் சொல்லிக்கொடுக்கிறேன். முதலாளிகள் என்னிடம் கேட்பது பெரும்பாலும் ஒரே கேள்விதான்: “பசங்க எதையும் கத்துக்க மாட்டேங்கிறாங்க சார், என்ன பண்றது?” பிள்ளைகளைக் குறை சொல்வதற்கு முன் அவர்கள் நிற்கிற இடத்தைப் பாருங்கள் என்பேன். ஓர் ஆள் தொழிலைக் கற்றுக்கொள்வதும் கற்றதை நன்றாகச் செய்வதும் அவருடைய புத்திசாலித்தனத்தை மட்டும் பொறுத்ததல்ல. அவர் கையில் ஒரு பீஸ் கெட்டுப்போன அடுத்த நிமிடத்தில் அந்த இடம் அவரை எப்படி நடத்துகிறது என்பதைப் பொறுத்தது.

ஒளித்துவைத்த பீஸ்

நான் முதன்முதலாக வேலைக்குச் சேர்ந்த பட்டறையில் ஒரு விதி இருந்தது. ரிஜெக்ஷன் யார் கையில் வந்ததோ அவருக்கு மெமோ. மெமோ சேர்ந்தால் இன்க்ரிமென்ட் நிற்கும். காலையில் போர்மேன் கெட்ட பீஸைக் கையில் தூக்கிப் பிடித்துக்கொண்டு, எல்லார் முன்னாலும் “யாருடா பண்ணது?” என்று கேட்பார். அந்தக் குரல் கேட்டதும் ஷெட் முழுக்க அமைதியாகிவிடும். லேத்தில் கை தேர்ந்த பெரியவர்கள்கூடக் கெட்ட பீஸை யாருக்கும் தெரியாமல் சுருள் வண்டிக்குள் புதைத்தார்கள். அவர்கள் நேர்மையற்றவர்கள் அல்ல. வீட்டில் பிள்ளைகளை வைத்துக்கொண்டு மாதச் சம்பளத்தில் வாழ்ந்தவர்கள்.

ஒருநாள் வாடிக்கையாளர் கம்பெனியிலிருந்து ஒரு லாட் முழுக்கத் திரும்பி வந்தது. துளையின் விட்டம் அதிகம். எந்த இயந்திரத்தில், எந்த ஷிப்டில், எந்த டூல் தேய்ந்தபோது அது தொடங்கியது என்று கண்டுபிடிக்க ஒருவராலும் முடியவில்லை. தடயங்கள் எல்லாம் பழைய இரும்புக் கடைக்குப் போய்விட்டிருந்தன. பயம் அந்தப் பட்டறையின் கண்ணைக் கட்டிவிட்டது.

இதில் பணக் கணக்கும் இருக்கிறது. தவறு இயந்திரத்தின் பக்கத்திலேயே தெரிந்துவிட்டால் நஷ்டம் ஒரு பீஸ். அசெம்பிளிக்குப் போன பிறகு தெரிந்தால், பிரித்து மறுபடி மாட்டும் கூலியும் சேரும். வாடிக்கையாளரின் லைனில் தெரிந்தால் டெபிட் நோட் வரும். ஆளை அனுப்பி ஆயிரக்கணக்கான பீஸ்களை ஒவ்வொன்றாகப் பிரித்துப் பார்க்க வேண்டும். வாகனம் சாலையில் ஓடும்போது தெரிந்தால் அது உயிர் சம்பந்தப்பட்ட விஷயம். ஆகவே தவறு சீக்கிரம் வெளியே வருவதுதான் எந்தப் பட்டறைக்கும் லாபம். அதை முதலில் பார்ப்பவர் இயந்திரத்தில் நிற்கும் தொழிலாளி. அவருடைய வாயை அடைத்துவிட்டு, பிறகு எத்தனை இன்ஸ்பெக்டர்களை நியமித்தாலும் ஈடாகாது.

நல்ல குழுக்களில் தவறுகள் அதிகமா?

என் அனுபவத்துக்கு ஒத்துப்போகிற ஓர் ஆய்வு, பட்டறையில் அல்ல, மருத்துவமனையில் நடந்தது. 1990-களின் முற்பகுதியில் அமெரிக்காவின் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் ஆய்வு மாணவியாக இருந்த ஏமி எட்மண்ட்சன், இரண்டு மருத்துவமனைகளைச் சேர்ந்த 8 பிரிவுகளில் மருந்து கொடுப்பதில் நேரும் தவறுகளைக் கவனித்தார். ஒற்றுமையாக, நல்ல தலைமையின் கீழ் வேலை செய்யும் பிரிவுகளில் தவறுகள் குறைவாக இருக்கும் என்று எதிர்பார்த்தார். கணக்கு தலைகீழாக வந்தது. நல்ல பிரிவுகளில்தான் அதிகத் தவறுகள் பதிவாகியிருந்தன.

காரணத்தைத் துருவியபோது விஷயம் புரிந்தது. அந்த நர்ஸ்கள் அதிகம் தவறு செய்யவில்லை. செய்ததை மறைக்காமல் சொன்னார்கள். கண்டிப்பும் அவமானமும் நிறைந்த பிரிவுகளில் தவறுகள் ஏட்டில் ஏறவே இல்லை. பிறகு ஒரு தயாரிப்பு நிறுவனத்தின் 51 குழுக்களை ஆராய்ந்து, 1999-இல் அவர் ஒரு கட்டுரை வெளியிட்டார். ‘இங்கே சந்தேகம் கேட்டாலோ தவறை ஒப்புக்கொண்டாலோ என்னைக் கேவலப்படுத்த மாட்டார்கள்’ என்ற நம்பிக்கை உள்ள குழுக்கள் கற்றுக்கொள்கின்றன, கற்பதன் வழியாக நன்றாக வேலையும் செய்கின்றன என்பது அதன் சாரம். இன்று உலகம் முழுக்க நிர்வாகப் படிப்பில் இது பாடம். நம் பட்டறைகளில் இன்னும் பாதிப் பேருக்கு இது போய்ச் சேரவில்லை என்பதுதான் என் ஆதங்கம்.

சிவப்பு மணிகள் சொல்லும் உண்மை

டெமிங் என்ற பெயரை நம் ஊர்த் தொழிலாளிகளே சொல்லக் கேட்டிருக்கிறேன். அமெரிக்கப் புள்ளியியல் அறிஞரான எட்வர்ட்ஸ் டெமிங், போரில் நொறுங்கிக் கிடந்த ஜப்பானுக்கு 1950-இல் போய்த் தரக் கட்டுப்பாடு பற்றிப் பாடம் நடத்தினார். அந்த நன்றிக்காக ஜப்பானியர்கள் 1951-இல் அவர் பெயரில் ஒரு பரிசை ஏற்படுத்தினார்கள். நிர்வாகத்துக்கு அவர் வகுத்த 14 கொள்கைகளில் 8-ஆவது, வேலை செய்யும் இடத்திலிருந்து பயத்தை விரட்ட வேண்டும் என்பது. எண்ணிலும் கணக்கிலும் ஊறிய ஒருவர் பயத்தைப் பற்றிப் பேசியிருக்கிறார் என்பதை ஒவ்வொரு முதலாளியும் யோசிக்க வேண்டும்.

அவர் வகுப்புகளில் நடத்திய சோதனை ஒன்றை நானும் சூப்பர்வைசர்களுக்குச் செய்து காட்டுகிறேன். ஒரு பெட்டியில் 3,200 வெள்ளை மணிகளும் 800 சிவப்பு மணிகளும் கலந்திருக்கும். 50 குழிகள் கொண்ட பலகையைப் பெட்டிக்குள் விட்டு எடுத்தால் 50 மணிகள் வரும். சிவப்பு மணி ரிஜெக்ஷன். வெள்ளையை மட்டும் எடு என்று தொழிலாளிக்கு உத்தரவு. ஒருவருக்கு 7 சிவப்பு வந்தால் போர்மேன் பாராட்டுவார். அடுத்தவருக்கு 13 வந்தால் திட்டுவார். மறுநாள் பாராட்டு வாங்கியவருக்கு 12 வரும், திட்டு வாங்கியவருக்கு 8 வரும். பெட்டியில் ஐந்தில் ஒன்று சிவப்பாக இருக்கும்வரை யார் கையை விட்டாலும் சராசரியாக 10 சிவப்பு வந்துகொண்டேதான் இருக்கும். அந்தச் சிவப்பு மணிகளைப் பெட்டிக்குள் போட்டவர் தொழிலாளி அல்ல.

நம் பட்டறைகளில் அந்தச் சிவப்பு மணிகள் எவை? தேய்ந்துபோன கேஜ், கடினத்தன்மை மாறி மாறி வரும் மூலப்பொருள், மூன்று பேர் மூன்று விதமாகச் சொல்லும் செட்டிங், வெளிச்சம் போதாத மேஜை. இவற்றை மாற்றும் அதிகாரம் தொழிலாளிக்குக் கிடையாது, நிர்வாகத்துக்குத்தான் உண்டு. அதிகாரம் இல்லாதவரைத் திட்டுவதால் ஒரு மணியும் நிறம் மாறாது.

இரண்டு ஸ்பிரிங், ஒரு தட்டு

ஜப்பானியத் தொழில் பொறியாளர் ஷிகியோ ஷிங்கோவின் வாழ்க்கையில் 1961-இல் நடந்த ஒரு சம்பவத்தை நான் எல்லா வகுப்புகளிலும் சொல்வேன். யமடா எலெக்ட்ரிக் என்ற தொழிற்சாலையில் சிறிய ஸ்விட்ச் ஒன்றைப் பூட்டும் வேலை. இரண்டு பொத்தான்கள், ஒவ்வொன்றுக்கும் கீழே ஒரு ஸ்பிரிங். எப்போதாவது தொழிலாளி ஒரு ஸ்பிரிங்கை வைக்க மறந்துவிடுவார். வாடிக்கையாளரிடமிருந்து புகார் வரும், தொழிலாளிக்குத் திட்டு விழும், கொஞ்ச நாள் சரியாக இருக்கும், மறுபடி மறதி.

ஷிங்கோ ஆளை மாற்றச் சொல்லவில்லை, முறையை மாற்றினார். வேலை தொடங்கும் முன் பெட்டியிலிருந்து இரண்டு ஸ்பிரிங்குகளை எடுத்து ஒரு சின்னத் தட்டில் வை, பிறகு பூட்டு. பூட்டி முடித்த பிறகு தட்டில் ஒன்று மிஞ்சியிருந்தால், மறந்தது அங்கேயே தெரிந்துவிடும். ஒரு தட்டுக்கு என்ன செலவாகும்? மறதி மனிதருக்கு இயல்பு என்று ஏற்றுக்கொண்டு, அந்த மறதி வாடிக்கையாளரை எட்டாதபடி வேலையை அமைத்தார்கள். தவறே செய்யாத ஆளைத் தேடி அலைவதைவிட, தவறை உடனே காட்டிக்கொடுக்கும் மேஜையை அமைப்பது எளிது.

திருமுடிவாக்கத்தில் நான் போய்வரும் ஒரு பட்டறையில் இதே போன்ற சிந்தனை ஓர் அப்ரண்டிஸ் பையனிடமிருந்து வந்தது. சிஎன்சி லேத்தில் புஷ் கடைகிறார்கள். ஒவ்வொரு ஷிப்டிலும் சில பீஸ்கள் அளவு தவறின. ஆபரேட்டரின் கவனக்குறைவு என்று முடிவு கட்டியிருந்தார்கள். புதிதாக வந்த சூப்பர்வைசர் ஒரு நல்ல மனுஷர். தருமபுரிப் பக்கத்திலிருந்து வந்த அந்தப் பையனைக் கூப்பிட்டு, “தம்பி, நீ தினம் பக்கத்துலயே நிக்கிறியே, உன் கண்ணுக்கு என்ன தெரியுது?” என்று கேட்டார். பையன் தயங்கிச் சொன்னான்: “டீ குடிச்சிட்டு வந்ததும் வர்ற முதல் கொஞ்சம் பீஸ்தான் சார் கெட்டுப்போகுது. அப்புறம் தானா சரியாயிடுது.”

அவன் சொன்னதில் முழு இயந்திரவியல் பாடமும் இருந்தது. லேத் ஓட ஓட அதன் ஸ்பிண்டில் சூடாகும்; சூட்டில் இரும்பு விரியும்; அளவு சில மைக்ரான்கள் நகரும். ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு. சூடாக இருக்கும்போது ஆபரேட்டர் அதற்கேற்ப டூலின் ஆஃப்செட்டை (அளவுத் திருத்தத்தை) வைத்திருப்பார். இடைவேளையில் இயந்திரம் ஆறிவிடும். மறுபடி ஓட்டும்போது, பழைய சூடு திரும்பும்வரை அளவு தப்பும். இப்போது அங்கே இடைவேளை முடிந்ததும் பீஸ் மாட்டாமல் கொஞ்ச நேரம் இயந்திரத்தை ஓடவிட்டு, முதல் பீஸை அளந்த பிறகே வேலையைத் தொடர்கிறார்கள். பையனுக்கு அந்த விதி ஏற்கெனவே தெரிந்திருக்கவில்லை. அவன் கண் பார்த்தது. கேட்க ஒருவர் இருந்தார். அந்த ஒரு கேள்வி கேட்கப்படாமலே எத்தனை பட்டறைகளில் எத்தனை ஆபரேட்டர்கள் மெமோ வாங்கிக்கொண்டிருக்கிறார்கள் என்று நினைத்தால் மனசு வலிக்கிறது.

கயிறு மட்டும் போதாது

டொயோட்டாவின் ஆண்டான் கயிறு பற்றிப் பலர் கேள்விப்பட்டிருப்பார்கள். கார் பூட்டும் லைனில் நிற்கும் எந்தத் தொழிலாளியும், ஏதாவது சரியில்லை என்று தோன்றினால் தலைக்கு மேலே போகும் கயிற்றை இழுக்கலாம். விளக்கு எரியும், மணியோசை கேட்கும். கார் குறிப்பிட்ட இடத்தை எட்டுவதற்குள் சிக்கல் தீராவிட்டால் லைன் நிற்கும். இதன் வேர் டொயோட்டாவின் கார் தொழிலுக்கும் முந்தையது. டொயோட்டா குடும்பத்தின் மூத்தவரான சகிச்சி டொயோடா 1924-இல் முழுமைப்படுத்திய தறி, நூல் அறுந்தால் தானாக நின்றுவிடும். பழுதான துணியை நெய்துகொண்டே போகாது.

இந்த முறை ஜப்பானியர்களுக்குத்தான் ஒத்துவரும் என்பவர்களுக்கு, கலிபோர்னியாவின் பிரீமான்ட் நகரில் நடந்ததைச் சொல்கிறேன். அங்கே ஜெனரல் மோட்டார்ஸ் நடத்திய தொழிற்சாலை, தரத்திலும் தொழிலுறவிலும் மோசம் என்று பெயர் வாங்கி 1982-இல் மூடப்பட்டது. நாள்தோறும் ஏறக்குறைய ஐந்தில் ஒருவர் வேலைக்கு வராத நிலை. 1984-இல் டொயோட்டாவும் ஜெனரல் மோட்டார்ஸும் சேர்ந்து, நும்மி என்ற பெயரில் அதே கட்டடத்தைத் திறந்தன. அதே தொழிற்சங்கம், பழைய தொழிலாளர்களில் பெரும்பாலோர். அவர்களில் பலரைக் குழு குழுவாக ஜப்பானுக்கு அனுப்பி, டொயோட்டா ஆட்களோடு லைனில் நிற்கவைத்துப் பழக்கினார்கள். கயிற்றை இழுக்கும் உரிமையைக் கொடுத்தார்கள். வேலைக்கு வராதோர் 2 சதவீதம் அளவுக்குக் குறைந்தார்கள். ஜெனரல் மோட்டார்ஸ் தொழிற்சாலைகளிலேயே தரத்தில் சிறந்த ஒன்றாக அது பெயர் எடுத்தது. ஆட்கள் மாறவில்லை. அவர்களை நடத்தும் விதம் மாறியது.

இதைப் பார்த்துவிட்டு நம் ஊரிலும் பல பட்டறைகளில் சிவப்பு, மஞ்சள், பச்சை விளக்குகளை வாங்கி மாட்டியிருக்கிறார்கள். சிவப்பு எரிகிறது, யாரும் வருவதில்லை. டொயோட்டாவில் ஐந்தாறு பேருக்கு ஒரு டீம் லீடர் இருக்கிறார்; கயிறு இழுத்ததும் அவர் ஓடி வந்து நிற்பார். அவர் வருவார் என்பதால்தான் தொழிலாளி கயிற்றைத் தொடுகிறார். நாற்பது பேருக்கு ஒரு சூப்பர்வைசரை வைத்துவிட்டு, அவர் தலையிலேயே டிஸ்பேட்ச், வருகைப் பதிவு, தணிக்கைக் காகிதம் எல்லாவற்றையும் கட்டிவிட்டால், அவரால் யாருக்கும் கற்றுக்கொடுக்க முடியாது. அவர் கத்திக்கொண்டிருப்பதற்குக் காரணமும் அதுதான். விளக்குக்குச் செலவிடும் பணத்தை இன்னொரு டீம் லீடருக்குச் செலவிடுங்கள்.

சொல்வது வேறு, கற்பிப்பது வேறு

இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் அமெரிக்கத் தொழிற்சாலைகளுக்குத் திடீரென்று லட்சக்கணக்கான புதிய ஆட்கள் தேவைப்பட்டார்கள். பலர் இயந்திரத்தைத் தொட்டே அறியாதவர்கள். அவர்களைச் சீக்கிரம் பழக்குவதற்காக, சூப்பர்வைசர்களுக்கே கற்பிக்கும் முறையைக் கற்றுக்கொடுக்கும் அரசுத் திட்டம் ஒன்று 1940-இல் தொடங்கி 1945 வரை நடந்தது. 17 லட்சத்துக்கும் மேற்பட்டோர் அதில் சான்றிதழ் பெற்றார்கள். போருக்குப் பிறகு அது ஜப்பானுக்குப் போனது, டொயோட்டாவின் பயிற்சி முறைக்கே அடித்தளம் ஆனது.

அந்தப் பயிற்சியில் ஒரு முடிச்சு வரும். மின்விளக்கு ஒயர் இழுபடாமல் இருக்கப் போடும் முடிச்சு அது. பயிற்சியாளர் ஒருவரை முன்னால் அழைத்து, எப்படிப் போடுவது என்று வாயால் மட்டும் சொல்வார். அவரால் போட முடியாது. அடுத்தவருக்கு வாய் திறக்காமல் செய்து மட்டும் காட்டுவார். அவராலும் முடியாது. பிறகு முறையாகக் கற்பிப்பார். முதலில் ஆளைப் பதற்றமில்லாமல் உட்காரவைத்து, அவருக்கு என்ன தெரியும் என்று கேட்பது. அடுத்து, வேலையைப் படிகளாகப் பிரித்து, ஒவ்வொரு படியிலும் கவனிக்க வேண்டிய சூட்சுமத்தையும் அதன் காரணத்தையும் சொல்லிச் செய்து காட்டுவது. மூன்றாவது, அவரையே செய்யவைத்து, ஏன் அப்படிச் செய்கிறார் என்று அவர் வாயாலேயே சொல்லவைப்பது. கடைசியாக, தனியாக விட்டுவிட்டு, சந்தேகம் வந்தால் யாரிடம் போக வேண்டும் என்று காட்டி, அடிக்கடி வந்து பார்ப்பது. ஆள் கற்றுக்கொள்ளவில்லை என்றால் சொல்லிக்கொடுத்தவர்தான் பொறுப்பு என்பது அந்தப் பயிற்சியின் அடிப்படை.

காரணத்தைச் சொல்வது ஏன் முக்கியம் என்பதற்கு லேத்தே சாட்சி. பீஸைப் பிடித்திருக்கும் ‘சக்’ என்ற பிடிப்பானை இறுக்கிய பிறகு அதன் சாவியை அதிலேயே விட்டுவிட்டு இயந்திரத்தைப் போட்டால், சாவி பறந்து வந்து ஆளின் முகத்தைப் பெயர்த்துவிடும். ‘சாவியை எடு’ என்று மட்டும் சொன்னால் பையன் ஒருநாள் மறப்பான். ‘கையை எடுக்கும்போது சாவியும் கையோடு வரணும், இல்லேன்னா அது உன் மேலதான் பாயும்’ என்று சொல்லி, இயந்திரத்தை அணைத்துவைத்து அந்த அசைவைப் பலமுறை செய்யவைத்தால், அது உடம்பில் ஏறிவிடும்.

பல பட்டறைகளில் புதுப் பையனை ஒரு மூத்த ஆபரேட்டர் பக்கத்தில் நிறுத்தி, “இவரைப் பாத்துக் கத்துக்கோ” என்று சொல்லிவிட்டுப் போய்விடுகிறார்கள். மூத்தவருக்கு அன்றைய உற்பத்தி இலக்கு தலைக்கு மேல் நிற்கிறது. கற்றுக்கொடுத்தால் இலக்கு குறையும், இலக்கு குறைந்தால் ஊக்கத்தொகை போகும். அவர் எப்படிக் கற்றுக்கொடுப்பார்? கற்பிக்கும் நேரத்தையும் வேலை நேரமாகக் கணக்கில் எடுத்து, அதற்கு ஏற்ப இலக்கைக் குறைத்துத் தருவது முதலாளியின் கடமை.

சுவரில் மாட்டும் திறன் அட்டவணையும் உதவும். ஒவ்வொரு பெயருக்கும் நேரே, ஒவ்வொரு வேலைக்கும் ஒரு வட்டம். கால் பங்கு நிறைந்திருந்தால் கற்றுக்கொண்டிருக்கிறார். அரை என்றால் மேற்பார்வையில் செய்வார். முக்கால் என்றால் தனியாகச் செய்வார். முழு வட்டம் என்றால் பிறருக்குக் கற்றுக்கொடுப்பார். தணிக்கைக்கு ஆள் வருவதற்கு முந்தின இரவு உட்கார்ந்து எல்லா வட்டத்தையும் நிரப்புவதில் பயனில்லை. சுத்தம் செய்யச் சேர்ந்த பெண் தன் பெயருக்கு நேரே கால் வட்டம் அரை வட்டமாவதைத் தினமும் பார்க்கும்போது, தான் வளர்கிறோம் என்று அறிகிறார். அதுதான் அட்டவணையின் பயன்.

தாகத்தோடு நிற்பவர் எதைக் கற்பார்?

மனசைப் பற்றிப் பேசுகிறவர்கள் உடம்பை மறந்துவிடக் கூடாது. கழிப்பறை சரியில்லாத பட்டறைகளில் பெண்கள் நாள் முழுக்கத் தண்ணீர் குடிக்காமல் வேலை செய்கிறார்கள். தகரக் கூரைக்கு அடியில், சித்திரை வெயிலில், வாய் வறண்டு நிற்பவரிடம் கவனத்தை எதிர்பார்ப்பது நியாயமில்லை. தொடர்ந்து இரண்டு ஷிப்ட் பார்த்தவர் கேஜைச் சரியாகப் படிக்க மாட்டார். புதியவரை முதல் வாரமே நைட் ஷிப்டில் போட்டால், கேட்க ஆளில்லாத நேரத்தில் அவரே தப்பாகக் கற்றுக்கொள்வார். அதை மாற்றுவது பிறகு கடினம். கடைகளில் வேலை செய்வோர் உட்காருவதற்கு இருக்கை தர வேண்டும் என்று 2021-இல் தமிழ்நாடு சட்டமே கொண்டுவந்தது. உட்கார்ந்து செய்யக்கூடிய அசெம்பிளி வேலைக்கு ஒரு ஸ்டூல் போடச் சட்டம் வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை.

மொழியும் இதில் சேர்த்தி. இன்று நம் தொழிற்பேட்டைகளில் ஒடிசா, பீகார், ஜார்கண்ட் பிள்ளைகள் நிறைய. வேலை விளக்கம் ஆங்கிலத்தில் ஒட்டியிருக்கிறது, சூப்பர்வைசர் தமிழில் கத்துகிறார், பையன் தலையை ஆட்டுகிறான். புரிந்து ஆட்டுகிறானா, பயந்து ஆட்டுகிறானா? நல்ல பீஸையும் கெட்ட பீஸையும் பக்கத்தில் பக்கத்தில் ஒரு பலகையில் பொருத்திவைத்து, கெட்டது எங்கே கெட்டது என்று அம்புக்குறி போடுங்கள். அதற்கு எந்த மொழியும் வேண்டாம்.

கண்டிப்பு வேண்டாமா?

“பயம் இல்லேன்னா எவன் சார் வேலை செய்வான்?” என்று முதலாளிகள் கேட்பார்கள். கண்டிப்பு வேண்டும், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. பிரஸ்ஸில் கை நுழையாமல் காக்கும் சென்சாரைத் தெரிந்தே அணைத்துவைப்பவர், அளக்காமலே அளந்ததாக எழுதுபவர், குடித்துவிட்டு இயந்திரத்தைத் தொடுபவர், இவர்களை விட்டுவைக்கக் கூடாது. அது அறியாமல் நேர்ந்த தவறு அல்ல, தெரிந்தே மீறுவது. இந்த வேறுபாட்டை எல்லாருக்கும் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். தவறு செய்ததற்குத் தண்டனை கிடையாது. மறைத்தாலும் மீறினாலும் தண்டனை உண்டு. இப்படி இருக்கும் பட்டறையில் ஒழுங்கு கூடும், குறையாது.

இது நம் மண்ணில் நடக்கும் என்பதற்கும் சாட்சி இருக்கிறது. சென்னை பாடியில் இயங்கிய சுந்தரம் கிளேட்டனின் பிரேக் பிரிவு, 1998-இல் இந்தியாவிலேயே முதலாவதாக டெமிங் பரிசைப் பெற்றது. 2002-இல் ஓசூரின் டிவிஎஸ் மோட்டார் பெற்றது. அதன் பிறகு சென்னையைச் சுற்றியுள்ள வேறு சில உதிரிபாகக் கம்பெனிகளும் பெற்றன. ஐடிஐயும் டிப்ளமாவும் படித்த நம் பிள்ளைகள்தான் அந்தத் தரத்தைத் தொட்டவர்கள்.

சிறு பட்டறைக்காரர்களுக்கு என் வேண்டுகோள் இதுதான். பெரிய கம்பெனிகளின் பணம் உங்களிடம் இல்லை, அது தேவையும் இல்லை. நாளைக் காலையில் ஒரு கெட்ட பீஸ் வந்ததும் “யார் செய்தது?” என்ற கேள்வியை விட்டுவிடுங்கள். “என்னப்பா ஆச்சு, நீ என்ன பார்த்தே?” என்று கேளுங்கள். பதில் சொன்னவருக்கு எல்லார் முன்னாலும் நன்றி சொல்லுங்கள். அவர் சொன்னதில் ஒன்றையாவது அந்த வாரமே சரிசெய்து காட்டுங்கள். காட்டாவிட்டால் அடுத்த முறை யாரும் வாய் திறக்க மாட்டார்கள். தினமும் ஷிப்ட் தொடங்கும்போது ஐந்து நிமிடம் இதற்கென்று ஒதுக்குங்கள்.

அப்ரண்டிஸ் சட்டம் 1961-லிருந்து நம் நாட்டில் இருக்கிறது. தொழில் கற்றுக்கொடுப்பதற்காக வந்த சட்டம் அது. குறைந்த தொகைக்கு ஆள் பிடிப்பதற்காக அதைப் பயன்படுத்துவது, அப்பா அம்மா நம்பி அனுப்பிய பிள்ளைக்குச் செய்யும் அநியாயம். ஓர் ஆண்டு உங்களிடம் நிற்கும் பையனோ பெண்ணோ, போகும்போது உதவித்தொகையோடு ஒரு தொழிலையும் கொண்டுபோக வேண்டும். அதைக் கொடுத்து அனுப்பும் பட்டறைதான் நல்ல பட்டறை. நல்ல பீஸும் அங்கிருந்துதான் வரும்.